இரண்டு பூச்சியங்கள்

சிங்கப்பூர்
2007 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.40.
முப்பத்து மூன்று கதிரில் முப்பத்து மூன்றாவது.

அன்புள்ள ஹபீலா மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் முதலில் கேட்கப்போவதற்கு முதலிலேயே பதில்: நானா இருக்கிறார். கடைசித் தடவைக் கதிரும் பிடித்து முடிந்தது. எனக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்து சூப்பை விழுங்கப் பார்த்து, முடியாமல், கூடப்பிறந்த தம்பி என்றும் பாராமல் என்னை ஏசுகிறார். நீங்களும் தங்கச்சி றலியாவும் சுகமாயிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போனில் சொன்னால் பாதி உங்களுக்கு வந்து சேராது, அதனால் எழுதுகிறேன். நானாவின் கட்டி மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே இருந்தது. முதல் தடவையில் அந்த இடத்துக்குக் கத்தியைவிடக் கதிர்தான் சரி. பழைய இயந்திரம் இரண்டு பக்கத்தாலும் அடித்துக் கன்னம், காது, உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றையும் சேர்த்துச் சுட்டுவிடும். இங்கே ஒன்பது திசைகளிலிருந்து, ஒவ்வொன்றிலும் பலத்தைக் கூட்டிக் குறைத்து, கட்டியின் வடிவத்துக்கே கதிரைச் செதுக்குகிறோம். பேராதனையில் பௌதிகம் படித்துவிட்டு இந்தத் திட்டமிடலைப் பழகத்தான் நான் இங்கே வந்தேன். நானாவின் திட்டத்தை மேலாளரின் பார்வையில் நான்தான் போட்டேன். நான்கு தடவை கிழித்துப் போட்டு ஐந்தாவதை வைத்துக்கொண்டேன்.

இனி வருவதுதான் முக்கியம். இந்த நோய்க்குப் பின்னால் ஒரு வைரஸ் உண்டு. பயப்பட வேண்டாம். அது என்னிலும் இருக்கிறது, உங்களிலும் இருக்கிறது, நம் திகன பஸார் முழுவதிலும் இருக்கிறது. சிறு வயதில் எச்சிலால் தொற்றிவிட்டுப் பேசாமல் கிடக்கும். சிலரில் மட்டும் இப்படி வேலை காட்டும். கட்டி திரும்பத் தொடங்கினால், ஸ்கேனில் தெரிவதற்கு முன்பே இரத்தத்தில் அந்த வைரஸின் துண்டுகள் கூடும். அதை எண்ணலாம். பூச்சியம் என்றால் நல்லது. ஏறினால் உடனே பார்க்க வேண்டும். சிறிதாக இருக்கும்போது பிடித்தால் வெட்டி எடுக்க வழியிருக்கிறது. விட்டால் மண்டையோட்டின் அடிக்குப் போய்விடும். பிறகு பேசிப் பயனில்லை.

ஆகவே மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு குழாய் இரத்தம் எனக்கு வர வேண்டும். சாமான் எடுக்க இங்கே வந்துபோகும் கண்டி உவைஸ் நானா கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டார். நம் நானா ஊருக்கு வந்ததும் கஞ்சி கொடுங்கள், கொடுத்துவிட்டு அவர் ஏசுவதைக் காதில் எடுக்காதீர்கள்.

மஹ்மூத்

*

திகன
2007 ஏப்ரல் 2

அன்புள்ள மஹ்மூத் தம்பிக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கே எல்லாரும் நல்லாயிருக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் மெலிந்து போனதாக நானா சொல்கிறார். சொல்ல வேண்டிய ஆள்தான்.

வந்த கிழமையே கடையைத் திறந்துவிட்டார். சீமெந்துத் தூசு மூக்குக்குக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். "வீட்டுல இருந்தா ஆக்கள் மௌத்து வீட்டுக்கு வாற மாதிரி மூஞ்ச வச்சிக்கிட்டு வாறாங்க. கடையில இருந்தா ஆணி வாங்க வாறாங்க. எது நல்லம், நீயே செல்லு" என்கிறார். கஞ்சிதான் இறங்குகிறது. எதைக் கொடுத்தாலும் தகரத்தை நக்கின மாதிரியாம். இடது காது கொஞ்சம் மந்தம். போனில் "ஆ? ஆ?" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். அதனால் கடிதம்தான் சரி.

வைரஸ் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நாங்கள் ஒரே பீங்கானில் கைபோட்டுச் சாப்பிடுகிற ஆக்கள். அப்படியென்றால் அவரில் இருப்பது என்னிலும் இருக்கும்தானே? அவரில் கூடினால் என்னிலும் கூடுமா? மறக்காமல் பதில் எழுதுங்கள்.

றலியா கண்டிக்குக் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்வருகிறாள். ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிப் பையைக் கொட்டிப் பார்ப்பதால் சில நாள் மஃரிப் தாண்டி இருட்டிவிடுகிறது. அவள் வரும்வரை நானா கடை வாசலை விட்டு நகர மாட்டார். உங்களுக்கு ஸலாம் சொன்னாள்.

உங்கள் மதினி
ஹபீலா

*

சிங்கப்பூர்
2007 ஜூன் 25

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் சுகம் என்பதை இந்தத் தடவை கேட்காமலே சொல்ல முடிகிறது. பூச்சியம்.

உவைஸ் நானா ஐஸ் பிளாஸ்கில் கொண்டுவந்த குழாயை மெய் லின் அன்றைக்கே இயந்திரத்தில் ஏற்றிவிட்டாள். ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் சிநேகிதி. ஒரு துண்டுகூட இல்லை என்று அவளே என் மேசைக்கு வந்து சொன்னாள்.

இதே சிகிச்சை பெற்ற அறுபத்தொரு பேரை வைத்து, யாருக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கட்டியின் கன அளவு, கழுத்தில் நெறி கட்டியிருந்ததா, கதிர் குறைவாகப் பட்ட மூலை எது, இரத்தத்தில் எத்தனை துண்டு. கடைசியில் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னுக்கு நிற்கிறது. பூச்சியமாகவே இருப்பவர்களில் இரண்டு வருடத்துக்குள் திரும்புவது நூற்றுக்கு ஏழு பேருக்கு. ஏறியவர்களில் மூன்றுக்கு இரண்டு பேருக்கு. நீங்கள் அறுபத்தொன்றாம் இலக்கம். அந்த ஏழு பேரில் ஒருவராகப் போய்விடாதீர்கள், என் கணக்கு அசிங்கமாகிவிடும்.

கண்டி கிளினிக்கில் மூக்கால் கமரா விட்டுப் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டாம். அடுத்த குழாய் செப்டம்பர் கடைசியில். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கையில் இருக்கட்டும். மதினிக்கும் றலியாவுக்கும் இந்தப் பூச்சியத்தைக் காட்டுங்கள்.

மஹ்மூத்

*

திகன
2007 செப்டம்பர் 27

தம்பி மஹ்மூதுக்கு,

ஸலாம். அறுபத்தொன்றாம் இலக்கம் எழுதுகிறது. இலக்கம் உயிரோடு இருக்கிறது. நோன்பும் பிடிக்கிறது. ஏசாதே. ஸஹருக்கு எழும்பி ஒட்டகம் மாதிரித் தண்ணீர் குடிக்கிறேன். போன வருடம் இந்நேரம் நோன்பு பிடிப்பேனா என்று நினைத்த ஆள், பிடிக்க முடிகிறபோது விடுவானா?

குழாய் உவைஸோடு வருகிறது. போன தடவை கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஆமிக்காரன் பிளாஸ்கைத் திறந்து, "மே மொகத?" என்றானாம், இது என்ன என்று. உவைஸ் உண்மையைச் சொல்லுவோம் என்று, "லே, மாத்தயா" என்றிருக்கிறான். இரத்தம் என்றதும் அவன் துவக்கை நிமிர்த்திப் பிடித்து, யாருடைய இரத்தம் என்று கேட்டானாம். "கூட்டாளிட." "கூட்டாளி எங்கே?" "திகனயில, கடையில." "அப்ப இரத்தம் ஏன் இங்க?" இதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் போனதாம். இந்தத் தடவை இருமல் மருந்து என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் மூக்கைச் சீறினால் கொஞ்சம் சிவப்பு. நீ கேட்பாய் என்று சொல்கிறேன், கேட்காவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். கிளினிக்குக்குப் பெருநாள் முடியப் போகிறேன். உன் உடம்பையும் பார்த்துக்கொள். அங்கே பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி தருகிறார்களா?

முஹைதீன்

*

சிங்கப்பூர்
2007 நவம்பர் 18

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கஞ்சி தந்தார்கள், நம் ஊர்க் கஞ்சிக்குக் கிட்டவும் வராது. நான் சுகம். நீங்களும். மறுபடியும் பூச்சியம்.

சிவப்பைப் பற்றி: கதிர் பட்ட மூக்கின் உட்தோல் காய்ந்து பொருக்குக் கட்டும், பொருக்கு உரிந்தால் இரத்தம் வரும். எண் ஏறியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உப்புத் தண்ணீரால் காலையும் மாலையும் கழுவுங்கள். கிளினிக்குத் திகதி தள்ளிப்போனாலும் பதற வேண்டியதில்லை, ஜனவரியில் போனால் போதும்.

போன கிழமை என் கணக்கை இங்குள்ள வைத்தியர்களுக்கு முன்னால் வைத்தேன். பெயர் சொல்லாமல் உங்கள் வரியைத்தான் உதாரணமாகக் காட்டினேன். பெரிய கட்டி, நல்ல திட்டம், அடுத்தடுத்து இரண்டு பூச்சியம். ஒரு பேராசிரியர் எழும்பி, "இந்த ஆள் பிழைத்துவிட்டார்" என்றார். உமிழ்நீர் இல்லாத வாயோடு பகல் முழுக்க வறண்டு கிடந்ததற்கு உங்களை ஏசுவதாக இருந்தேன். அந்த மனுஷன் சொன்னதில் விட்டுவிட்டேன்.

மஹ்மூத்

*

திகன
2008 ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

ஸலாம். உங்களுக்குச் சுகமும் நீண்ட ஆயுளும் கிடைக்க துஆச் செய்கிறேன். இதை உவைஸ் நானாவிடம் கொடுக்கவில்லை, தபாலில் போடுகிறேன். குழாய் மட்டும் அவரோடு இந்தக் கிழமை வரும்.

றலியாவுக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்திருக்கிறார்கள். உவைஸ் நானாவின் தங்கச்சி மகன், கண்டியில் வேலை, நல்ல பிள்ளை. மாப்பிள்ளையின் உம்மா வந்திருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டு, "பொண்ணுட நானாவுக்கு அந்த வருத்தம் முழுசா சொகந்தானே? குடும்பத்துல ஓடுற வருத்தமில்லயே?" என்று கேட்டார். நானா உங்கள் நவம்பர்க் கடிதத்தை எடுத்து உவைஸ் நானாவிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். அவர்களுக்கு முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அடுப்படியில் கை ஓடவில்லை.

தலையணை உறையைத் தினமும் மாற்றுகிறேன். உப்புத் தண்ணீர் கழுவுகிறார். இரவில் தலையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருக்கிறார். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லைதானே, தம்பி?

ஒரு கேள்வி. குழாய் மாறிப்போனால் எண்ணும் பிழையாகுமா? உங்கள் இடத்தில் அப்படி நடந்ததுண்டா? சும்மாதான் கேட்கிறேன்.

ஹபீலா

*

சிங்கப்பூர்
2008 மார்ச் 2

நானாவுக்கு,

ஸலாம். நலம் விசாரிக்கவில்லை. விசாரித்து வரும் பதிலை எதை வைத்து நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

மதினி குழாய் மாறுமா என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஆய்வுகூடத்தில் குழாய் மாறாது என்று காட்டிவிடுவோம் என்று மெய் லினிடம் போனேன். அவர்கள் கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் கொண்டு வயிற்றில் இருப்பது ஆணா என்று பார்க்கும் ஆராய்ச்சியும் செய்கிறார்கள். ஆண்களில் மட்டும் இருக்கிற மரபணு ஒன்றைத் தேடுவார்கள். உங்கள் மூன்று குழாய்களின் மிச்சமும் குளிரூட்டியில் இருந்தது. மூன்றையும் ஏற்றச் சொன்னேன்.

ஜூன் குழாய்: ஆண். வைரஸ் பூச்சியம்.
செப்டம்பர் குழாய்: பெண். வைரஸ் பூச்சியம்.
ஜனவரிக் குழாய்: பெண். வைரஸ் பூச்சியம்.

மெய் லின் சிரித்துவிட்டாள். "மஹ்மூத், உன் அண்ணன் எப்போது பெண்ணாக மாறினார்?" நான் சிரிக்கவில்லை. பிழை அவளுடையது என்று சண்டை பிடித்தேன். திரும்பவும் ஏற்ற வைத்தேன். அதே விடை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த மன்னிப்பை நான் கேட்டிருக்கக் கூடாது, வேறு ஆள் கேட்டிருக்க வேண்டும்.

யாருடைய இரத்தம் அது? உங்கள் மூக்கில் வந்த சிவப்பைக் காய்ந்த தோல் என்று நான் எழுதியது அந்தப் பூச்சியத்தை நம்பி. ஜனவரிவரை தள்ளிப்போடலாம் என்று எழுதியதும் அதை நம்பி. கமரா விட்டுப் பார்த்தார்களா, இல்லையா? ஒரு வரியில் பதில் வேண்டும்.

மஹ்மூத்

*

திகன
2008 மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். சுகமாயிருக்கிறீர்களா? நானா எழுத மாட்டேன் என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

இரத்தம் என்னுடையது.

செப்டம்பரில் உவைஸ் நானா புறப்படுகிற அன்று நானா நோன்பு. இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று கையை நீட்ட மாட்டேன் என்றுவிட்டார். பின்னேரம் நோன்பு திறந்த பிறகு எடுப்போம் என்றால், திகன லேப் நாலு மணிக்கே மூடிவிடும். உவைஸ் நானா அஸர் தொழுகை நேரத்துக்கே வாசலில் வந்து நிற்கிறார். எனக்கு அன்று நோன்பு இல்லை. "ஒரே பீங்கான், ஒரே வீடு. வைரஸ் எல்லாரிலயும் ஈக்கி என்டு அவன்தானே எழுதினான். ஒன்ட ரெத்தத்த குடு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அவரில் கூடியிருந்தால் என்னிலும் கூடித் தெரியும் என்று நினைத்தேன். இதைத்தான் நான் போன ஏப்ரலில் உங்களிடம் கேட்டேன். நீங்கள் பதில் எழுதவில்லை.

பூச்சியம் வந்ததும் எனக்குச் சந்தோஷம். பிறகுதான் தலையணையில் இரத்தம் கூடியது. என் இரத்தத்தில் இல்லாதது அவர் மூக்கில் இருக்கிறதே என்று அப்போதுதான் புத்தி வந்தது. ஜனவரியில் அவரே கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். "சம்பந்தம் பேசி முடியட்டும். எண் ஏறினா உவைஸ் கையாலதான் கடிதம் வரும். முதல்ல அவன் வீட்டுக்குத்தான் தெரியும்" என்றார். நான் கையை நீட்டினேன். நீட்டிவிட்டுத்தான் உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஏசுங்கள். பதில் எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஹபீலா

*

சிங்கப்பூர்
2008 ஏப்ரல் 20

மதினிக்கு,

ஸலாம்.

சோதனைக்கு ஒரு குழாய் இரத்தம் எடுத்தால் நோன்பு முறியாது என்று திகனப் பள்ளி மௌலவியிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். கடைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு ரோட்டுத்தான். போகவில்லை. சரி. நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நான் பதில் எழுதவில்லை. அதுவும் சரி. துண்டுகள் கட்டியிலிருந்து உதிர்பவை, கட்டி இல்லாத உங்கள் இரத்தத்தில் பூச்சியம்தான் வரும். செப்டம்பரை அறியாமை என்று வைத்துக்கொள்கிறேன். ஜனவரியை அப்படி வைக்க மாட்டேன். ஜனவரியில் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துதான் செய்தீர்கள்.

இன்று உவைஸ் நானா வந்தார். குழாய் இல்லை. ஒரு பெட்டி இனிப்பு, தொதல் மட்டும் கொண்டுவந்தார். "சாப்பிடுங்க தம்பி, கலியாண வீட்டுத் தொதல். நீங்க பரீட்சையில மாட்டிக்கிட்டீங்களாமே, எல்லாரும் தேடினாங்க" என்றார். யாருடைய கலியாணம் என்று கேட்டேன். அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கு இந்த மாதம் பரீட்சை எதுவும் இல்லை.

வாப்பா மௌத்தான பிறகு எனக்கும் றலியாவுக்கும் நானாதான் வாப்பா. இருக்கிறது ஒரு தங்கச்சி. அவளுடைய நிக்காஹ் முடிந்ததைச் சாமான் எடுக்க வந்த மனுஷன் சொல்லி நான் தெரிந்துகொள்கிறேன். வீட்டுக்குப் போன் எடுத்தால் "நானா கடையில" என்கிறார்கள். கடைக்கு எடுத்தால் "மொதலாளி வீட்ட" என்கிறார்கள். றலியாவுக்கும் தெரியுமா? கடைப் பொடியன்களுக்கும் தெரியுமா? திகன முழுவதும் தெரிந்த ஒன்று, இந்த நோயைப் படிக்கிற எனக்கு மட்டும் தெரியாது. என் கையெழுத்தில் இருந்த ஒரு பூச்சியத்தை வைத்து நீங்கள் ஒரு கலியாணத்தை முடித்துவிட்டீர்கள்.

தொதலைத் திறக்காமல் மெய் லினிடம் கொடுத்துவிட்டேன். கமராவைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. அது எனக்குக் கண்ணில் படாமல் போகும் என்று நினைக்க வேண்டாம்.

மஹ்மூத்

*

திகன
2008 மே 26

மஹ்மூத்,

ஸலாம். உன் மதினியை ஏசாதே. கமராவைப் பற்றி அவள் எழுதாததற்குக் காரணம், அவளுக்குத் தெரியாது. சொன்னால் அன்றைக்கே உனக்கு எழுதிவிடுவாள் என்பதால் நான் அவளிடம் சொல்லவில்லை.

டிசம்பர் கடைசியில் கண்டிக்கு இரும்பு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கிளினிக்குக்குப் போனேன். கமரா விட்டார்கள், ஒரு துண்டு கிள்ளி எடுத்தார்கள். ஜனவரி எட்டாம் திகதி சொன்னார்கள், திரும்பிவிட்டது என்று. சின்னதாம். டாக்டர் பொடியன் நல்லவன். "வெளிநாட்டுல படிக்கிற தம்பிக்கு இன்டைக்கே எழுதுங்க, இப்ப வெட்டலாம்" என்றான். எழுதவில்லை. அடுத்த கிழமை ஹபீலாவின் இரத்தத்தை அனுப்பினேன். தெரிந்துதான் அனுப்பினேன்.

றலியாவுக்காக என்று ஹபீலா நினைக்கிறாள். அதுவும் உண்டு. ஆனால் நான் உனக்குப் பொய் சொன்னது போதும். கதிர் பிடிக்கும்போது போட்ட அந்த முகமூடியைத் திரும்பப் போட என்னால் ஏலாது. பிளாஸ்டிக் வலையைச் சுடுதண்ணீரில் தோய்த்து மூஞ்சியில் அமுக்கினார்கள். இறுகியதும் மேசையோடு திருகினார்கள். வாய் திறக்க ஏலாது, இமை திறக்க ஏலாது. நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மைக்கில் "அசையாதீங்க நானா" என்றாய். ஒவ்வொரு நாளும் உள்ளுக்குள் கலிமா சொல்லிக்கொண்டுதான் கிடந்தேன். வெளியே வந்து உன்னோடு பகிடி விட்டேன். உனக்குத் தெரிந்திருக்காது. உன் கணக்கில் அது இல்லை. வெட்டுவார்கள், பிறகு மிச்சத்துக்குக் கதிர் என்பார்கள். உன்னிடம் எண் வந்தால் நீ விடமாட்டாய். எனக்கு உன்னைத் தெரியும்.

கலியாணத்துக்கு உன்னைக் கூப்பிடாதது என் வேலை. நீ வந்தால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டாய், என் மூக்கைத்தான் பார்ப்பாய். பரீட்சை என்று நான்தான் சொன்னேன். றலியாவும் அதைத்தான் நம்பினாள். உனக்கு வராத பரீட்சைக்காக நிக்காஹ் அன்று அழுதாள்.

இப்போது ஒரு மாதமாக ஒன்று இரண்டாகத் தெரிகிறது. ஒரு பெட்டி ஆணி இறக்கினால் இரண்டு பெட்டி. கடை நிறைந்து வழிகிறது. மாப்பிள்ளையும் இரண்டு பேர். இரண்டு பேரும் நல்ல பிள்ளைகள்.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. நீ கேட்ட ஒரு வரிக்குப் பதில் எழுதினேன். வர வேண்டாம். படிப்பை முடி.

முஹைதீன்

*

சிங்கப்பூர்
2008 ஜூன் 10

நானாவுக்கு,

ஸலாம்.

நம் ஊருக்குக் கிட்ட, பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்ததென்று செய்தியில் பார்த்து உடனே வீட்டுக்குப் போன் எடுத்தேன். றலியா வந்திருந்தாள் போல, அவள்தான் எடுத்தாள். "நாங்க எல்லாரும் சொகம் நானா. நீங்க எப்பிடி?" என்றாள். நம் வீட்டில் எல்லாரும் சுகம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். நானும் சுகம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பகிடியாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டு பெட்டி ஆணி என்று. அதை வாசித்துவிட்டு நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற நரம்பு ஒன்று மண்டையோட்டின் அடியால் ஓடுகிறது. கட்டி அதைத் தொட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். இதற்கு எண் தேவையில்லை, ஸ்கேனும் தேவையில்லை. முதலாம் வருட மாணவனுக்குத் தெரியும். ஜனவரி எட்டாம் திகதி அது வெட்டக்கூடிய இடத்தில் இருந்தது. இன்று இல்லை. நடுவில் ஐந்து மாதம். அதில் முதல் இரண்டு மாதம் நான் என் மேசையில் உங்கள் பூச்சியங்களைப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தேன், மிச்சத்தில் நான் கேட்ட ஒரு வரிக்காகக் காத்திருந்தேன். நீங்கள் என்னிடமிருந்து எடுத்தது அதைத்தான். உங்கள் உயிர் உங்களுடையது, அதைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு உரிமை குறைவு. அந்த ஐந்து மாதம் என்னுடையது.

முகமூடி என் கணக்கில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லைதான். சொல்லியிருந்தால் இருந்திருக்கும். முகமூடிக்குள் பயந்து நடுங்குகிறவர்களுக்கு மருந்து கொடுத்து அரைத் தூக்கத்தில் படுக்கவைக்கிறோம். முகமூடியில் கண் வரும் இடத்தை வெட்டித் திறந்துவிடுகிறோம். தினமும் செய்கிற வேலை. யாரோ ஒரு சீனக் கிழவர் என் கையைப் பிடித்து "பயமாயிருக்கிறது" என்று சொன்னார், அவருக்குச் செய்தேன். என் சொந்த நானா பகிடி விட்டார், நான் சிரித்தேன்.

வர வேண்டாம் என்று எழுதியதற்குப் பதில் கீழே. நான் செய்யப்போவது:

1. அறுபத்தொன்றாம் இலக்கத்தின் செப்டம்பர், ஜனவரி எண்களை அடித்துவிட்டு, நோய் திரும்பியது என்று திருத்துவேன். காரணத்தை மேலாளரிடம் வாயால் சொல்வேன். எழும்பி நின்று, இந்த ஆள் பிழைத்துவிட்டார் என்று சொன்ன அந்தப் பேராசிரியரிடமும் போய்ச் சொல்வேன்.

2. இருபத்தோராம் திகதி கட்டுநாயக்காவில் இறங்குவேன். உவைஸ் நானா தன் வான் வண்டியை அனுப்புவார். ஏற மாட்டேன். பஸ்ஸில் கண்டிக்கு வந்து, குட்ஷெட் பஸ் நிலையத்தில் திகன பஸ் எடுத்து வருவேன்.

3. உங்களிடம் இரத்தம் கேட்க மாட்டேன்.

4. அடுத்த நாளே உங்களைக் கண்டிக்குக் கூட்டிப்போய், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று படம் எடுப்பிப்பேன். மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க முடியுமா, பிறகு எதற்காவது இடமிருக்கிறதா என்று கேட்பேன். டாக்டர் சொல்வதை மதினிக்கு முன்னால் சொல்ல வைப்பேன். றலியாவுக்கும் அன்றே சொல்வேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அவள் சொல்வாளோ விடுவாளோ, அது அவளுடைய வேலை. அவளுடைய பெயரில் இனி யாரும் பொய் சொல்லக் கூடாது.

5. மதினியோடு பேசுவேன். எப்போது என்று தெரியாது. முதல் நாள் முடியாது.

6. முகமூடி வேண்டாம் என்பதை எனக்கு முன்னால் இருந்து சொல்லுங்கள். கடிதத்தில் எழுதியதை நான் எடுக்க மாட்டேன். என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்றால், நான் திருக மாட்டேன். வேறு யாரையும் திருக விடவும் மாட்டேன். ஆனால் அன்று நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கப்போவதில்லை.

7. திரும்பிப் போக ரிக்கட் எடுக்கவில்லை. கடை வாசலில் உங்களுக்கு இரண்டு மஹ்மூத் வந்து நிற்பான். இரண்டு பேருக்கும் கோபம் ஆறியிருக்காது. இரண்டு பேரும் போக மாட்டார்கள்.